கோப்பையில் சோறு

யாழ்ப்பாணத்தில் பிறந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். என் புருஷன் கொழும்புக்கு ஓடும் தோணியில் வேலை பார்த்தார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தோணி புறப்பட்டுவிட்டது. வீட்டில் நானும் மாமியும் மட்டும். யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், ரேஷனில் கல்லும் நெல்லுமாய் ஏதோ கிடைத்தது.

ஒரு மத்தியானம் மாமி சோறு வடித்து இறக்கினாள். நான் கூடமாட உதவலாமென்று, கோப்பை எங்கே இருக்கிறது, சோறு போடலாம் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அலமாரியிலிருந்து டீக் கோப்பை ஒன்றை எடுத்தாள். அதில் ஒரு அகப்பை சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

எங்கள் ஊரில் கோப்பை என்றால் சோறு தின்கிற தட்டு. பறங்கிக்காரன் ரெண்டு கரையிலும் விட்டுப்போன சொல் அது. கொழும்பில் சிங்களவர்கள் 'கோப்பய' என்பார்கள். அவர்களுக்கும் அது டீ குடிக்கத்தான். யாழ்ப்பாணத்தில் மட்டும் எப்படியோ அகன்று தட்டாகிவிட்டது. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

மறுநாளும் கோப்பைதான். அதற்கு மறுநாளும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால், மருமகள் கேட்டு வாங்கித் தின்கிறாள் என்று காட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். பசி கண்ணை இருட்டிக்கொண்டு வரும். வடித்த கஞ்சியை அவள் ஆட்டுக்கு ஊற்றிவிடுவாள்.

இந்த ஊர்ச் சொல்லைக் கற்றுக்கொண்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். ஒருநாள் தைரியமாக, "மாமி, தட்டுல போடுங்க" என்றேன்.

"ஏளா, தட்டு ஆம்பளைகளுக்கு," என்றாள். "நீ கோப்பையில தின்னு பழகினவ."

சொல்லில் ஒன்றுமில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

தோணி திரும்பி வந்தது. அவர் இருந்த நாட்களில் எனக்கும் தட்டு வந்தது, குழம்பு மீன்கூட வந்தது. நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் எலும்பாய் இருப்பது அவர் கண்ணில் படவேயில்லை. அவர் மறுபடி கடலுக்குப் போனதும் கோப்பை அலமாரியிலிருந்து இறங்கியது.

எட்டாம் மாதமே வலி கண்டது. பெண் குழந்தை. அழவில்லை. மருத்துவச்சி என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள். யாழ்ப்பாணத்துக்காரிக்கு நம்ம ஊர்ச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமி சொன்னாள்.

அதன் பிறகு நான் இந்த ஊர்க்காரி மாதிரியே பேசினேன். அதுவும் தேவைக்கு மட்டும்.

யுத்தம் முடிந்த பிற்பாடு என் அம்மா கப்பலேறி வந்தாள். நான் அடுப்படியில் மாமியோடு பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பேச்சைக் கதை என்பார்கள்.

"பிள்ளை, உன்ரை கதை எங்கை போயிட்டுது?" என்று கேட்டாள்.

"எங்கனயும் போகலம்மா," என்றேன்.

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.