கரோத்துக்குக் கோபமில்லை

வாயில் பற்பசை நுரையோடு குசினிக் கலண்டரின் முன்னால் நின்றபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது. பச்சைக் கோடுகள் நின்ற இடத்திலிருந்து சிவப்புப் புள்ளடிகள் தொடங்கியிருந்தன. கொப்பளிக்கக்கூட நேரமில்லாமல் கத்தினேன். நுரை கலண்டர் முருகனின் வேல்மேல் தெறித்தது.

பச்சைக் கோடு, சித்தப்பா பாம்புக்கு எலி கொடுத்த நாள். சிவப்புப் புள்ளடி, பாம்பு யாரையாவது கடித்த நாள். அதைப் போட்டு வந்தது நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே நான்காம் மாடியில் இருந்தோம். சித்தப்பா முன்னறைச் சோபாவில் படுப்பார். அவருடைய பாம்பு அவர் தலைமாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கும். அவரோடு உணவகத்தில் கோப்பை கழுவிய பிரெஞ்சுக்காரன் ஒருவன் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன குட்டி அது. விஷமில்லாத இனம். கரட் நிறம் என்பதால் பிரெஞ்சில் கரோத் என்று பெயர் வைத்தேன். கோடை முழுக்க என் மணிக்கட்டில் காப்புப்போலச் சுற்றிக் கிடந்த கரோத், குளிர் தொடங்கியதும் கண்டவரையெல்லாம் கடிக்கத் தொடங்கிவிட்டது.

ஆளுக்கொரு வைத்தியம் செய்தோம். அம்மா பெட்டியின் கண்ணாடியில் மூன்று குறியாகத் திருநீறு பூசினார். சித்தப்பா கைபேசியில் மகுடி போட்டார். பாம்புக்கு வெளிக்காது இல்லை என்று நூலகப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். "உந்தப் புத்தகம் எழுதினவன் பாம்பைக் கண்டிருப்பானோ?" என்று கேட்டுவிட்டு மூடியைத் திறந்தார். பெருவிரலில் கடி. நானோ அடுப்புத் தட்டு தூக்கும் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போனேன். கரோத் கையுறையைக் கவ்விக்கொண்டு தொங்கியது, விடவேயில்லை.

கடைசியில் அப்பாவின் சுண்டுவிரலையும் பதம் பார்த்தது. அவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஞாயிறு வரைக்கும்தான் தவணை. கையில எடுக்கக் கடிச்சுதெண்டால் பொபினிக்குப் போகுது. அங்கை என்ர சிநேகிதன்ர மகன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

நான் கலண்டர் முன்னால் நின்ற நாள் வியாழக்கிழமை. அதனால்தான் அந்தக் கத்தல்.

கலண்டரில் இன்னொன்றும் இருந்தது. அம்மா விரத நாட்களுக்குப் போட்ட வட்டங்கள். சித்தப்பாவுக்குச் செவ்வாய் மட்டும்தான் லீவு. செவ்வாய் எங்கள் வீட்டில் சைவம். உறைபெட்டியில் கணவாய் மீனுக்குப் பின்னால் மூன்று பைகளுக்குள் ஒளிந்திருந்த எலியை அவர் ஒரு செவ்வாய் வெந்நீரில் இளக்கிக்கொண்டிருந்ததை அம்மா கண்டுவிட்டார். "விரத நாளில என்ர குசினிக்குள்ள மச்சமோ, தம்பி?" சித்தப்பா "இல்லை அண்ணி" என்று எலியைத் திருப்பி வைத்தார். வேறு நாட்களில் அவர் வேலை முடிந்து வரும்போது வீடு தூங்கியிருக்கும். குசினியில் சத்தம் போட அவருக்குக் கூச்சம். பிறகு கந்தசஷ்டி வந்தது, ஆறு நாளும் சைவம். பாம்பு எங்களோடு சேர்ந்து விரதம் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பாம்பிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நான்கு மாடியும் ஓடி ஏறினேன். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் அன்று மட்டும் வந்த சித்தப்பா சோபாவில் சரிந்திருந்தார். சஷ்டிக்காக வெறும் பாலும் பழமுமாக இருந்த அம்மா, எங்களுக்குக் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் பிரெஞ்சில்தான் பதில் சொல்வேன். அன்று அம்மாவுக்கு ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று தமிழிலேயே சொன்னேன்.

"அம்மா, கரோத்துக்குக் கோபமில்லை. பசி."

அகப்பை நின்றது.

"எத்தினை நாள்?"

கலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். "இருபத்திமூண்டு."

அம்மா அடுப்பை நிறுத்தினார். "தம்பி, ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"நீங்கள் விரதம் அண்ணி. எப்பிடிக் கேக்கிறது?"

"நான் வேணுமெண்டு கிடக்கிறன். அது?"

சஷ்டி நாளில், குளித்து முழுகிய கையோடு, அம்மாவே உறைபெட்டியைத் திறந்தார். கணவாயை ஒதுக்கி, பைகளை அவிழ்த்து, எலியைப் பழைய யோகர்ட் டப்பாவில் போட்டு வெந்நீர் ஊற்றினார். ஆறியதும் இடுக்கியால் அவரே நீட்டினார். கரோத் பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொண்டது. மெல்ல மெல்ல விழுங்கியது. அம்மா கண்ணாடிக்கு முன்னால் தரையில் குந்தி, வால் நுனியும் உள்ளே போகும்வரை எழும்பவில்லை.

"முதல் ரெண்டு மூண்டு நாள்தான் பசி தெரியும்," என்றார் பாம்பைப் பார்த்தபடி. "பிறகு பக்கத்தில வாற ஆரைக் கண்டாலும் கோபம் வரும். சொந்தப் பிள்ளையைக் கண்டாலும்."

சித்தப்பா தலை குனிந்துகொண்டார். எனக்கோ ஒரே வியப்பு. என் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தி, சண்டை நடந்த வன்னியிலிருந்து வந்த அம்மா, பாம்புகளைப் பற்றி எந்த நூலகத்தில் படித்தார் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன். எனக்கும் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்கவும் செய்தேன். அம்மா என் தலையைத் தடவினார்.

இரை செமிக்க இரண்டு நாள் தொடக்கூடாது என்று புத்தகம் சொன்னது. வெள்ளி தொடவில்லை. சனி தொடவில்லை. ஞாயிறு காலை அப்பா கோப்பியோடு சோபாவில் அமர்ந்தார், நீதிபதிபோல. நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியில் கை வைத்தேன்.

"பொறு," என்றார் அம்மா. காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "முதல் நான் விடுறன் கை."