நான் வேண்டாம் என்ற வெப்சைட்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான்.

ஆவடியில் நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் அடுக்குமாடி வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து வந்தோம். ஆர்டர் எடுக்க வெப்சைட் செய்ய வந்த கம்ப்யூட்டர் தம்பி இரண்டு வகை காட்டினார். ஒன்றில் நாங்களே போனில் தமிழில் எழுதி மாற்றலாம். இன்னொன்றில் எதை மாற்றவும் அவர்தான் வேண்டும்.

"நாமளே மாத்துறத எடுய்யா. ஒரு நாள் ஒடம்பு முடியலன்னா இன்னா பண்ணுவே?" என்றாள் ஸ்டெல்லா.

"நான் தப்புத் தப்பா எழுதினா ஃபிளாட்டுக்காரங்க சிரிப்பாங்க" என்றேன்.

"ஆமா, கலெக்டரு! உன் எழுத்தத்தான் பார்த்துகினு கீறாங்க" என்று சிரித்தாள். நான் இரண்டாவதையே எடுத்தேன்.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வெப்சைட்டில் ஆர்டரை நிறுத்தச் சொல்லலாம் என்றால், வெளியூர் போயிருந்த கம்ப்யூட்டர் தம்பியின் போன் கிடைக்கவில்லை. ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல எனக்குக் கூச்சம்.

"சோத்துக்குக் காத்துகினு இருப்பாங்கய்யா" என்று மூன்று நாளும் அவளே எழுந்து அடுப்படியில் நின்றாள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

'இன்று சமையல் இல்லை.' மூன்றே வார்த்தைகள். பிழையோடு எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

இதை எழுதியது, அவள் போன ஆறாம் மாதம், தை ஒன்பது.