எந்த விலங்கு என்று எழுதவில்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாப்பாவுக்கு வங்காளத்துத் துறைமுகத்தில் வேலை. சம்பளம் வாங்கக் கைநாட்டு வைப்பார். உம்மாவும் லாத்தாவும் (அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) குர்ஆனை அழகாக ஓதுவார்கள். வேறு எந்த எழுத்தும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் பெஹாலா குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு வரும் பிஸ்கட், கேக், மிட்டாய் எதுவானாலும் ஹராமான எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாக்கெட்டின் பின்பக்கத்தை நான் வாசித்த பிறகுதான் பிரிப்பார்கள். 'ஆகும்' என்றால் தட்டுக்குப் போகும். 'ஆகாது' என்றால் கடைக்குத் திரும்பும்.

"எம்மவ சொல்லிட்டா அப்பீலே கெடையாது" என்பார் வாப்பா, வந்தவர் போனவரிடமெல்லாம். எனக்கென்று அந்த வீட்டில் இருந்த சொத்து அந்த ஒரு பேச்சுதான்.

பாக்கெட்டுகளில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போடத் தொடங்கியபோது என் வேலை கொஞ்சம் குறைந்தது. கடைக்காரக் காகுவுக்கு (சித்தப்பாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரே சிரிப்பு. "ஏ மா, வீட்ல பீஃப், பிஸ்கட் மட்டும் நிராமிஷா?" என்பார் வங்காளத்தில். நிராமிஷ் என்றால் சைவம். புள்ளி மட்டும் போதாது காகு, கேக்கில் ரம் ஊற்றினாலும் பச்சைதான் போடுவார்கள் என்று நானும் வங்காளத்திலேயே வாயடிப்பேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் லாத்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. அவருடைய தாயார் பளபளக்கும் ஒரு மிட்டாய்ப் பெட்டியை உம்மாவிடம் கொடுத்தார். மூடியில் அரபு எழுத்து இருந்தது. உம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கே என்ன எழுதியிருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஓதத் தெரிந்த எங்களுக்கு அர்த்தம் தெரியாது. வெயில் படாத இடத்தில் வைக்கவும் என்றுகூட இருந்திருக்கலாம்.

"சின்னவ காலேஜாமே? இங்கிலீசு எப்புடி வாசிக்கிறாண்டு பாப்பமே" என்று அந்த அம்மா பெட்டியை என் கையில் திணித்தார்.

வாசித்தேன். சர்க்கரை, குளுக்கோஸ், ஜெலட்டின். நிறுத்தினேன்.

"என்ன புள்ள, முழுங்கிட்டியா?" என்று அவர் சிரித்தார்.

"இதுல ஜெலட்டின் இருக்கு மாமி. மாட்டுலயும் எடுப்பாஹ, பன்னியிலயும் எடுப்பாஹ. எதுல எடுத்ததுண்டு எழுதல. ஐரோப்பாவுல செஞ்சது. மாடா இருந்தாலும் அறுத்த முறை நமக்குத் தெரியாது."

"அரபு எழுத்து போட்டிருக்கே!"

"அரபுலயும் இதே சாமானைத்தான் எழுதியிருப்பாஹ மாமி."

அவர் முகம் சுருங்கியது. "எம்மகன் ஹராமைக் கொடுத்து அனுப்பிட்டாங்கிறியா?"

"அப்புடிச் சொல்லல. சந்தேகம்ங்கிறேன். சந்தேகம்னா நாங்க விட்டுருவோம்."

லாத்தா தலை குனிந்திருந்தாள். முக்காட்டு நுனியை முறுக்கும் விரல்கள் மட்டும் தெரிந்தன. நான் வாப்பாவைப் பார்த்தேன். அப்பீல் இல்லை என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன்.

"சின்னப் புள்ள. ரெண்டெழுத்துப் படிச்சிட்டா இதுஹளுக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேச்சு" என்றார் வாப்பா. பெட்டியிலிருந்து சிவப்பாய் ஒன்றை எடுத்தார். "பிஸ்மில்லா" சொல்லி வாயில் போட்டு மென்றார். அடுத்ததாக உம்மாவும் ஒன்றை எடுத்தார். அந்த அம்மா சிரித்தார். நிச்சயம் அங்கேயே முடிவானது.

அவர்களுடைய டாக்சி தெருமுனை திரும்பியதும் வாப்பா குழாயடிக்குப் போனார். தொண்டைவரை விரலை விட்டு ஓங்கரித்தார். திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தார். உம்மா தன் பங்கை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கியே வைத்திருந்திருக்கிறார். அதைத் துப்பிவிட்டு, மிச்சப் பெட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டார். ஆக, இரண்டு பேரும் என் சொல்லை நம்பித்தான் இருந்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நம்பாமல் தின்றிருந்தால் மன்னித்திருப்பேன்.

வாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு அவுஹ போன் பண்ணுவாஹ. மிட்டாய் நல்லா இருந்துச்சு, நாந்தான் தப்பா வாசிச்சிட்டேண்டு நீயே சொல்லிரு. நீ சொன்னாத்தான் அவுஹ மனசு ஆறும்."

"நான் தப்பா வாசிக்கல வாப்பா."

"தெரியும்" என்றார்.

மறுநாள் போன் அடித்தபோது நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. உம்மா என்னைப் பார்த்தார். வாப்பா சுவரைப் பார்த்தார். கடைசியில் லாத்தா எழுந்து போய் எடுத்தாள்.

"மிட்டாய் ரொம்ப நல்லா இருந்துச்சு மாமி. தங்கச்சிதான் அவசரத்துல தப்பா வாசிச்சிட்டா. இப்ப வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றாள்.