கண் நீலமான நாட்கள்

அன்ஃபூஷி வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன்பே இன்ஷிராஹுக்குச் சொல்லிவிடுவார்கள். கொண்டை போடுவதில் அலெக்சாந்திரியாவிலேயே அவளுக்கு இணை கிடையாது என்பது அந்தத் தெருக்களின் நம்பிக்கை. எல்லோருக்கும் அவள் 'அப்லா', மூத்த அக்கா. ஐம்பதைத் தாண்டியும் அவளுக்கு மட்டும் யாரும் மணக்கொண்டை போட்டதில்லை. அதை ஒரு குறையாக அவள் சொல்லிக் கேட்டவரும் இல்லை. மாலையில் தன் அலங்காரக் கடையைப் பூட்டிவிட்டுத் துறைமுகம் பார்த்த மாடி வீட்டுக்கு ஏறுவாள். விரல்களில் பிறர் கூந்தலின் வாசனை, சன்னல் நிறையக் கடல்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜோடிக் கிளி வாங்கச் சந்தைக்குப் போனவள், மலைப்பாம்புக் குட்டி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அது சுருண்டிருந்த விதம், யாரோ பொறுமையாகப் பின்னி முடித்த சடை போலிருந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தை இரைச்சல் எங்கோ தூரத்தில் அமிழ்ந்து போயிற்று.

"விஷம் இல்ல அப்லா. ஆனா வாய்த்துடுக்கு ஜாஸ்தி" என்றான் விற்பவன் ராஃபத்.

"கடிக்குமா?"

"என்னைக் கடிச்சிருக்கு, என் மாமியாரையும் கடிச்சிருக்கு. மாமியாரைக் கடிச்ச அன்னைக்கு மட்டும் கொஞ்சம் செல்லம் கொடுத்தேன்."

சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஹரீர் என்று பெயர் வைத்தாள், பட்டு என்று அர்த்தம்.

பட்டு முதல் நாளே பல்லைக் காட்டியது. பெட்டியைத் திறந்து மேலிருந்து கையை இறக்கினாள். தலை மின்னலாகப் பாய்ந்து கட்டைவிரலைக் கொத்தித் திரும்பியது. முள்வேலி கீறியதுபோல் பொடிப்பொடியாக ரத்தம். வலியைவிட, அந்தச் சின்ன உடம்பு மூலையில் ஒடுங்கி இரைத்ததுதான் அவளைத் தைத்தது.

பாம்புத் தீனிக்கென்று ராஃபத் கொடுத்த செத்த எலிக்குஞ்சுகளை உறைபெட்டியில் முலோக்கியாக் கீரைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கீரை இரவல் கேட்டு வந்த எதிர்வீட்டு தவ்லத், உரிமையோடு தானே திறந்தாள்.

"யா இன்ஷிராஹ்! உன் முலோக்கியாவுக்கு வால் முளைச்சிருக்குடி!"

"கத்தாதே. பயந்துக்கும்."

"எதுடி பயப்படும்? அதான் செத்துக் கிடக்கே!"

"எலி இல்ல. பாம்பு."

தவ்லத் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டுதான் மூச்சே விட்டாள். "ஒரு மாப்பிள்ளையைப் பாருடின்னு எத்தனை வருஷமா தலையில அடிச்சுக்கிறேன். நீ போயும் போயும் பாம்பைப் பார்த்துட்டு வந்திருக்க!"

"மாப்பிள்ளையும் கடிப்பான். இதுக்கு விஷமாவது இல்ல."

அன்று எலியின் வாலை விரலால் பிடித்து நீட்டினாள். எலி வாசனை கையிலும் ஒட்டியிருக்க, பட்டு எலியை விட்டு விரலைக் கவ்வியது. அடுத்த முறையும் அப்படியே. அதற்குப் பிறகு அது எந்தத் தீனியையும் சீண்டவில்லை. தோல் மங்கியது. கருமணிகளாயிருந்த கண்களில் பால் கலந்த நீலம் படர்ந்தது. பார்வை போய்விட்டதோ என்று பதறி ராஃபத்துக்குப் போன் செய்தாள்.

"சட்டை உரிக்கப் போகுது அப்லா. இப்ப அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஆகாசத்துலேர்ந்து ஒரு கை இறங்கினா நீங்களும்தான் கடிப்பீங்க! தீனி வேணாம், தொடவும் வேணாம். ஈரத்துணி ஒண்ணு உள்ளே வைங்க, போதும்."

'துடைப்பம்' என்று கடற்கரைக்காரர்கள் அழைக்கும் புயல்மழை அந்த வாரம்தான் வந்தது. படகுகள் கரையேறின, தெருக்கள் காலியாயின. கல்யாணங்கள் இல்லாததால் கடை மதியமே சாத்திக் கிடந்தது. இன்ஷிராஹ் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நீலப் புள்ளிகள், சன்னலுக்கு அந்தப் பக்கம் வெளுத்துப்போன கடல். இரண்டுக்கும் நடுவே கண் செருகும். கடலுக்கடியில் நின்று முடிவேயில்லாத ஒரு கூந்தலை வாரிக்கொண்டிருப்பாள். சிக்கே இல்லை, சீப்பு வழுக்கிக்கொண்டே போகும். விழிக்கும்போது மழை பெய்துகொண்டிருக்கும்.

அப்படி ஒரு விழிப்பில், மை தீட்டக் கண்ணை மூடிக்கொண்டு நடுங்கும் மணப்பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் தலையில் அவள் எடுத்தவுடன் கை வைப்பதே இல்லை. பக்கவாட்டில் நின்று, முதலில் தோளைத் தொட்டு, மூச்சு சீராகும்வரை பேசாமல் இருப்பாள். 'இதுகிட்ட மட்டும் ஏன் பருந்து மாதிரி இறங்கினேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கண்கள் தெளிந்தன. பிறகு ஒரு காலை, ஈரத்துணிமேல் முழுச் சட்டையும் கிழியாமல் கிடந்தது. பட்டு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. எலியை வெந்நீரில் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்துத் தரையோடு தரையாக நகர்த்தினாள். ஒரு பாய்ச்சல், ஒரு சுருள். பிறகு மெல்ல மெல்ல விழுங்கியது. இன்ஷிராஹுக்குக் கண் கலங்கிவிட்டது.

செரிக்கட்டும் என்று சில நாள் விட்டாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டியின் தரையில் பக்கவாட்டாக வைத்துச் சும்மா இருந்தாள். பட்டு கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது. பாய்ந்து கவ்வியது. அவள் கையை வெடுக்கென்று இழுக்கவில்லை. பல் தானாக விலகியது. நாக்கு வந்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தது. அப்புறம் அந்தக் குளிர்ந்த கனம் உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டைச் சுற்றி, சட்டைக் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. நாற்காலியில் சாய்ந்தவள் அசையாமல், மழைச் சத்தத்தோடு சேர்ந்து எங்கோ மிதந்தாள்.

பட்டு அதன் பிறகும் எப்போதாவது கடித்ததுண்டு. பெரும்பாலும் அவள் அவசரப்பட்ட நாட்களில்.

தவ்லத் பருப்புக் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் உட்கார ஆரம்பித்தாள். உள்ளே வரமாட்டாள், போகவும் மாட்டாள்.

"அதை அந்தப் பக்கம் திருப்புடி. நான் சாப்பிடுறதையே பார்க்குது."

"உன் சமையலுக்கு அதுவும் பயப்படுது."

குளிர் குறையத் தொடங்கிய ஒரு மதியம், தவ்லத் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலிவரை வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்ஷிராஹின் மணிக்கட்டில் சுருண்டிருந்த பட்டின்மேல் ஒற்றை விரலை வைத்தாள்.

"ஈரமா இருக்கும்னு நினைச்சேனே" என்றாள், விரலை எடுக்காமல்.