நாகல் நகர் கொரியன் மிஸ்

நாகல் நகரில் இளவேனில் வீடு எது என்று கேட்டால் தெரு ஆட்கள் யோசிப்பார்கள். கொரியன் மிஸ் வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கீழே மளிகைக் கடை, மேலே ஒரு கூடம், ஒரு அறை. கூடத்தில் வகுப்பு நடக்கும். அறையில் அவள் தனியாக இருந்தாள். அவளுடைய அப்பா முத்துச்சாமி செம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் சம்பங்கி போட்டுக்கொண்டு, டவுனுக்கு வர மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார்.

கொரிய மொழியை அவள் ஆசைப்பட்டுப் படித்தவள் அல்ல. படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கொரியக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்குப் போனாள். அங்கே முதலில் காதில் விழுந்தவை திட்டு வார்த்தைகள். திட்டுவது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். சில வருசத்தில் அவளையே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தார்கள். திட்டிய மேனேஜரின் மனைவி அவளுக்குக் கிம்ச்சி என்கிற கொரிய ஊறுகாய் போடவும், கெட்டிக் காகிதத்தை ஒட்டி விளக்குக் கூடு செய்யவும் கற்றுக்கொடுத்தாள். அம்மா இறந்தபின் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஊருக்குத் திரும்பியபோது கையில் இருந்தது அந்த மொழி ஒன்றுதான்.

திண்டுக்கல்லில் அதற்கு யார் வருவார்கள் என்று நினைத்தாள். வந்தார்கள். மொபைலில் கொரியத் தொடர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சின்னாளபட்டியிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். சென்னையில் இருந்த ஒரு கொரியப் பண்பாட்டு அமைப்பு அவளைக் கேள்விப்பட்டு, ஹன்போக் என்கிற கொரியப் பட்டுடைகள், முகமூடிகள், தூரிகைகள், படங்கள் எல்லாவற்றையும் இரவல் கொடுத்தது. அவள் ஊர் ஊராகக் கண்காட்சி போட ஆரம்பித்தாள்.

முதல் கண்காட்சி நாகல் நகரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆடிக் காற்று. மேலே கட்டியிருந்த காகித விளக்குகள் ஒன்றோடொன்று மோதிக் கிழிந்துகொண்டே இருந்தன. ஒரு மேசையில் தூரிகையால் பெயர் எழுதித் தந்தார்கள். இன்னொரு மேசையில் விளக்குக் கூடு ஒட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஹன்போக் போட்டுப் பார்க்கிற இடத்தில்தான் கூட்டம் நெரிந்தது. நெஞ்சுக்குக் கீழே வருகிற நீள நாடாவை ஒரு பக்கம் மட்டும் வளையம் விட்டு முடிய வேண்டும். அந்த முடிச்சு யாருக்கும் வரவில்லை. வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் இளவேனிலே முடிந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்தில்தான் முகேஷ்குமார் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். குரலே எழும்பாத பேச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகம் வைத்திருப்பதாகச் சொன்னான்.

"கொரியாவுல பூசான்ல நாலு வருசம் இருந்தேன் மேடம். நம்மூர்ல இப்படி ஒண்ணு நடக்குமான்னு ஏங்கிக்கிட்டு இருந்தேன். சேர், மைக்செட் எல்லாம் அடுத்த தடவை நான் பாத்துக்கிறேன். நீங்க அலையாதீங்க."

தனியாக எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவன் ஹன்போக் மேசைப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஆனபோது ஒன்று அவள் கண்ணில் பட்டது. அம்மாவோடோ அண்ணனோடோ வந்த பிள்ளைகளை அவன் எடுக்கவில்லை. தனியாக வந்தவர்களை மட்டும் எடுத்தான். எடுத்துவிட்டு, போட்டோ அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டான். உதவி செய்ய வந்த மனுசனைச் சந்தேகப்படுகிறோமே என்று தன்னையே கடிந்துகொண்டு விளக்குகளைக் கழற்றப் போனாள்.

அடுத்தது காந்திகிராமம் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில். சென்னையிலிருந்து யுன் மிரா என்கிற கொரியப் பெண்மணி தூரிகை எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். சொன்னபடியே முகேஷ்குமார் நாற்காலி, மைக், பேனர் எல்லாம் கொண்டுவந்து இறக்கியிருந்தான். பூசானில் இருந்தவர் என்று இளவேனில் அவனை மேடைக்குக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினாள். மிரா அம்மையாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எந்தப் பகுதியில் இருந்தீர்கள் என்று கொரிய மொழியில் கேட்டார். அவன் சிரித்தான். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே சிரிப்பு. அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

"இவர் உனக்கு நன்றாகத் தெரிந்தவரா?" என்று மிரா அம்மையார் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு இளவேனில், "ஆமாம்" என்றாள்.

அன்று மதியம் வேடசந்தூர் நூல் மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண் விடுப்பு நாளில் தனியாக வந்தாள். தேவதர்ஷினி என்று பெயர். தலையில் இன்னும் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. இளஞ்சிவப்பு ஹன்போக்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றாள். இளவேனில் நாடாவை முடிந்துவிட்டாள்.

"மிஸ், இதுல இருக்கிறது நான்தானா?"

"நீதான்மா."

"மில்லுல யாரும் நம்ப மாட்டாங்க." அவள் சிரித்தபடி திரும்பியபோது, "இங்க பாரும்மா, சூப்பர்" என்று முகேஷ்குமாரின் குரல் கேட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை கூடத்தில் கிம்ச்சி வகுப்பு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வந்த கோஸையும் முள்ளங்கியையும் உப்பில் ஊறவைத்து, மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பவித்ரா மட்டும் கையை நனைக்காமல் ஓரமாக நின்றாள். சின்னாளபட்டிப் பெண். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருசமாக ஒரு வகுப்பும் விடாமல் வந்தவள். அவளுடைய அம்மா முத்துப்பேச்சி பஸ் ஸ்டாண்டில் பூ விற்றாள்.

"இனிமே வர மாட்டேன் மிஸ். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஏன், கல்யாணமா?"

"சியோல்ல ஹோட்டல் வேலை கிடைச்சிருக்கு மிஸ். மொதல்ல பாங்காக்ல ட்ரெய்னிங். அங்கன வச்சே கொரியா விசா அடிச்சுத் தந்துருவாங்களாம்."

"யார் சொன்னது?"

"நம்ம முகேஷ் சார்தான்."

நம்ம என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் இளவேனில் விழுதுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். கம்பெனியில் எத்தனையோ பேரின் விசாத் தாள்களை அவள் பார்த்திருக்கிறாள். கொரியாவுக்கு அப்படி யாரும் போனதில்லை. வேலை என்று பாங்காக்குக்குக் கூட்டிப்போய், எல்லை தாண்டி எங்கேயோ அடைத்துவைத்து, ஆளை ஏமாற்றுகிற போன் வேலை செய்ய வைக்கிறார்கள் என்று செய்தியில் கேட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. சொன்னாள். பவித்ரா நம்பவில்லை.

"உங்களுக்குப் பிடிக்கல மிஸ். ஊருக்கு ஒரு கொரியன் மிஸ் போதும்னு நெனைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

மிளகாய்க் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் இளவேனில் அவனுக்குப் போன் செய்தாள். அவன் குரலில் அதே தணிவு.

"ஏன் மேடம் பதட்டப்படுறீங்க? பிள்ளைங்க நல்லா வரட்டுமே." சற்று நிறுத்தினான். "அப்பா செம்பட்டித் தோட்டத்துல தனியாத்தான இருக்காரு? மோட்டார் ரூம்லயே படுத்துக்கிறாராமே. மழைக்காலம், பூச்சி பொட்டு இருக்கும். பாத்துக்கச் சொல்லுங்க."

அப்பா மோட்டார் ரூமில் படுப்பதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. உடனே பஸ் பிடித்துச் செம்பட்டிக்கு ஓடினாள். அப்பா மழையில் பூப்பறித்துக்கொண்டிருந்தார். போன வாரம் உன்னைத் தெரிந்த ஒருத்தர் வந்து தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார், நல்ல மனுசன் என்றார். அவரை வலுக்கட்டாயமாக நாகல் நகருக்குக் கூட்டிவந்தாள்.

ஸ்டேசனுக்குப் போனாள். பொண்ணு மேஜர், பாஸ்போர்ட் இருக்கிறது, இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லி, எழுதிக்கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முத்துப்பேச்சியிடம் போனாள். அவள் பூக்கட்டுவதை நிறுத்தவே இல்லை.

"அந்தாளு யாருன்னு எங்களுக்கென்ன தெரியும் டீச்சர்? உங்ககூட மேடைல நின்ன போட்டோவக் காட்டுனாரு. கொரியாக்கார அம்மாவும் நிக்கிறாங்க. உங்க ஆளுன்னுதான நம்பி விட்டோம்? இப்ப வந்து வேண்டாங்கிறீங்க."

மறுநாள் காலையில் முத்துப்பேச்சியே பூக்கூடை இல்லாமல் ஓடிவந்தாள். தோழி வீட்டுக்கு என்று போனவள் வரவில்லை. போன் செய்தால் திருச்சியில் இருக்கிறேன், மத்தியானம் பிளைட் என்கிறாள்.

வாடகைக் காரில் இருவரும் திருச்சி விமான நிலையத்துக்குப் போனார்கள். வாசலில் தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் புதுப் பெட்டியோடு பவித்ரா நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது.

"நீங்கதான மிஸ் எல்லாத்தையும் காட்டுனீங்க? ஆசையக் காட்டிட்டு இப்ப போகாதன்னா எப்படி?"

"போ. நான் தடுக்கல" என்றாள் இளவேனில். "அவனுக்கு ஒரு போன் மட்டும் போடு. நேரா சியோலுக்கே மிஸ் கூட்டிட்டுப் போறேங்கிறாங்க, பாங்காக் வேண்டாம்னு சொல்லு. அம்மா கேக்கட்டும். அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

பவித்ரா வீம்புக்கு ஸ்பீக்கரில் போட்டாள். சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது இதுவரை யாரும் கேட்டிராத குரல்.

"உள்ள போடி நாயே. ஒனக்கு வெல பேசி முடிச்சாச்சு. அங்க ஆளு நிக்கிது. திரும்பி ஊருக்குள்ள கால வச்ச, நீயும் இருக்க மாட்ட, பூக்காரியும் இருக்க மாட்டா."

பவித்ராவின் கையிலிருந்து போன் நழுவித் தரையில் விழுந்தது. அவன் இன்னும் திட்டிக்கொண்டே இருந்தான். முத்துப்பேச்சி மகளை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் பவித்ரா அழுகையினூடே சொன்னாள். "இன்னொரு பிள்ள உள்ள போயிருச்சு மிஸ். மில்லுப் பிள்ள."

இளவேனில் கண்ணாடிச் சுவருக்கு ஓடினாள். உள்ளே வரிசையின் நுனியில் தேவதர்ஷினி நின்றிருந்தாள். கண்ணாடியை இளவேனில் இரண்டு கையாலும் தட்டினாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், அடையாளம் தெரிந்து சிரித்தாள். வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள் போல. கையை ஆட்டிவிட்டு உள்ளே நகர்ந்துவிட்டாள். காவலரிடம் கெஞ்சி, அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டு, விவரம் சொல்லி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

வழக்குப் பதிந்தார்கள். முகேஷ்குமாரின் அலுவலகம் பூட்டியிருந்தது. பின்னால் அந்த இடத்தில் மொபைல் கவர் கடை வந்தது. அவனைப் பற்றிய துப்பு இதுவரை இல்லை. பவித்ரா சின்னாளபட்டியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். வகுப்புக்கு அவள் திரும்பவில்லை.

தேவதர்ஷினி ஒரே ஒரு முறை வீட்டுக்குப் பேசினாள். நல்லா இருக்கேன்ப்பா, கம்ப்யூட்டர் வேலை என்றாள். பின்னாலிருந்து யாரோ ஒருவன் சொல்லிக்கொடுக்க, அதையே மறுபடியும் சொன்னாள். எந்த நாட்டிலிருந்து பேசினாள் என்றே தெரியவில்லை. தூதரகத்துக்கு மனு மேல் மனு போயிருக்கிறது. அதன்பின் அழைப்பு இல்லை.

இளவேனில் சாமான்களைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பிவிடத்தான் இருந்தாள். துணிப்பையில் ஹன்போக்குகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த நாளில் தேவதர்ஷினியின் அப்பா சோலைமுத்து வந்தார். வேடசந்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றாள். அவர் கதவோரம் நின்றுகொண்டு கேட்டார்.

"நிறுத்திட்டீங்கன்னா அவன் வேற எடத்துலதான நிப்பான், தாயி? நீங்க நடத்துங்க. வர்ற ஆம்பளையாளுகள நான் பாத்துக்கிறேன்."

இப்போது கண்காட்சி என்றால் முதல் பேச்சு விசாவைப் பற்றித்தான். தனியாக வருகிற பெண்களின் வீட்டுக்கு அவளே போன் செய்கிறாள். பிள்ளைகளுக்கு அது எரிச்சல். கூட்டம் குறைந்துவிட்டது. ஹன்போக் நாடாவை முடிந்துவிடும்போது முன்பு போல அவள் பேச்சுக் கொடுப்பதில்லை. வாசலில் சோலைமுத்து தன் ஆட்டோவைக் குறுக்கே போட்டுக்கொண்டு, உள்ளே போகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் உற்றுப் பார்க்கிறார். சிலர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். கண்காட்சி முடிந்ததும் படியேறி வந்து, யாரிடமிருந்தாவது போன் வந்ததா என்று இளவேனிலிடம் கேட்பார். இல்லை என்று அவள் தலையாட்டுவாள். அவர் நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பிப்பார்.