பழைய ஃபில்டரில் இல்லாத வளையம்

எங்கள் காருக்கு நானே ஆயில் மாற்றுகிறேன் என்றதும் அப்பா சொன்னது ஒன்றுதான்: "குவார்ட்டர்ஸ் வாசல்ல ஒரு சொட்டு சிந்தக் கூடாது." மதியம் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கடலூர் அழைத்துப் போக வேண்டும். அதற்குள் முடித்துக் காட்ட எனக்கு அவசரம்.

பழைய ஆயிலைத் தொட்டியில் வடித்தேன். ஆயிலை வடிகட்டும் பழைய ஃபில்டரின் மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டி, அதற்குள்ளேயே திருகிக் கழற்றி, பார்க்காமலே முடிச்சுப் போட்டேன். தரை பளிச்சென்று இருந்தது! புது ஃபில்டரை மாட்டி, ஆயில் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் எடுத்தேன்.

"ஏ பாப்பா, நிறுத்து! அடியில எண்ணெ கொட்டிக்கினு இருக்குது!" துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா கத்தினார்.

அணைத்துவிட்டுக் கவரைப் பிரித்தேன். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் பழைய ஃபில்டரில் இல்லை. இன்ஜினிலேயே ஒட்டியிருந்த அதன் மேல், இன்னொரு வளையத்தோடு புது ஃபில்டரை மாட்டியிருக்கிறேன்! இரண்டு வளையம் சேர்ந்தால் சரியாகப் பொருந்தாது, ஆயில் பீறிடும். அக்கா பார்த்திருக்காவிட்டால், கடலூர் சாலையில் அம்மாவோடு போகும்போது ஆயில் வற்றி இன்ஜின் இறுகி நின்றிருக்கும்.

பழைய வளையத்தை உரித்தெடுத்து, மீண்டும் மாட்டி, ஆயில் வாங்கி ஊற்றியபோது அப்பா வந்துவிட்டார். வாசலைப் பார்த்தார். "சொட்டுதானேம்மா கூடாதுன்னேன், குளமே வெட்டிட்டியே!"

ஆபரேஷனுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். இப்போதெல்லாம் சிந்தினால் சிந்தட்டும் என்று பழைய ஃபில்டரைத் திருப்பி, வளையத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புதியதைத் தொடுகிறேன். இன்ஜினை ஓடவிட்டு, குனிந்து பார்க்காமல் கியர் போடுவதில்லை.