ஆர்டிஸ் 25

எங்கள் ஐடஹோ ஆண்களுக்குக் கடையில் விற்கிற தோட்டா பிடிக்காது. அதன் பித்தளைக் கூட்டின் கழுத்தை, குண்டு செருகும் வாயைச் சுருக்குவார்கள், அதன் கீழே சரியும் தோளை மேலே தள்ளுவார்கள், அதற்கேற்பத் துப்பாக்கியையும் குடைவார்கள். பெண்டாட்டி பெயரையோ நாய் பெயரையோ அதற்குச் சூட்டிவிட்டு ஒருநாள் செத்துப்போவார்கள். துப்பாக்கியின் மேல் பழைய தோட்டாவின் பெயரே பொறித்திருக்கும். அதை நம்பி மகன் எதையாவது போட்டுச் சுட்டு முகத்தைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்கிறான் என்றால் அது ஆர்டிஸ் செய்த புண்ணியம்.

ஆர்டிஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. பெயர் தெரியாத தோட்டா எதுவானாலும் அவளுடைய சமையலறை மேசைக்குத்தான் வரும். "அடியில எழுதியிருக்கறதப் படிக்காதீங்க, அது பொறந்த வீட்டுப் பேரு. கழுத்தையும் தோளையும் பாருங்க" என்பாள். எனக்கு இந்த விவகாரமே ஆகாது. துப்பாக்கி பேசும் ஆண்களுக்குக் காபி ஊற்றியே எங்கள் தெருப் பெண்களின் பாதி ஆயுசு போயிற்று.

அவள் கணவன் டெல்மரும் ஒன்று செய்தான், மனைவி பெயரையே வைத்தான். 'ஆர்டிஸ் 25'. 30 குண்டு போகிற கடைக் கூட்டின் கழுத்தை, அதைவிடச் சன்னமான 25 குண்டுக்குச் சுருக்கிச் செய்தது. அதற்கென்று ஒரே ஒரு துப்பாக்கிதான் குடைந்தான். குடைந்த உளியின் முனையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்ததால் அதில் சுட்ட ஒவ்வொரு கூட்டின் தோளிலும் மெல்லிய கோடு விழும். அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்துபோனான். அவன் செத்ததும் துப்பாக்கி ஆர்டிஸின் தம்பி மெர்வினுக்குப் போயிற்று. அம்மா இல்லாத பிள்ளை, ஆர்டிஸ்தான் தூக்கி வளர்த்தாள். வயது ஐம்பதைத் தாண்டியும் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

போன அக்டோபரில், கடமான் வேட்டை நேரத்தில், அந்தி வேளையில் யாரோ எலுத்தேரியோவைச் சுட்டுவிட்டார்கள். பெரு நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்த மனுஷன். விடியும்வரை பனியிலேயே கிடந்தான். ஆஸ்பத்திரியில் அவனுடைய ஒரு காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். சுட்ட இடத்தில் போலீசுக்கு ஒரே ஒரு வெற்றுக் கூடு கிடைத்தது. அடியில் 30-06 என்று கடைத் தோட்டாவின் பெயர் பொறித்திருந்தது. இங்கே வீட்டுக்கு வீடு அந்தத் துப்பாக்கிதான். ஆட்டுக்காரர்களோடு மேய்ச்சல் தகராறு வைத்திருந்த ஒரு பண்ணைக்காரன்மேல் ஊர் பழியைப் போட்டு, அவன் வீட்டு ஜன்னல்களையும் உடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெல்சோ என்கிற போலீஸ்காரப் பையன் அந்தக் கூட்டோடு வந்தான். நான் அப்போது ஆர்டிஸின் சமையலறை மேசையில் பலகாரத்துக்கு ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தேன்.

"ஆர்டிஸ்க்கா, இதுல 30 குண்டு நுழையவே மாட்டேங்குது. லேப்ல கேட்டா, இப்படி ஒண்ணு புத்தகத்துலயே இல்லன்னுட்டாங்க."

ஆர்டிஸ் அளவுக் கருவியை எடுத்தாள். அளக்கவில்லை. கூட்டின் தோளில் நகத்தை வைத்து ஒருமுறை சுற்றினாள். அந்த மெல்லிய கோடு நகத்தில் தட்டுப்பட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவள் காலை ஓங்கி மிதித்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளைத் தாண்டிக் கேட்க ஆளே கிடையாது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், வெட்கப்படவும் மாட்டேன்.

"புத்தகத்துல எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரர் செஞ்சது. என் பேருதான் இதுக்கு" என்றாள்.

"துப்பாக்கி எங்கக்கா?"

"மெர்வின்கிட்ட."

கெல்சோ தொப்பியைக் கழற்றினான். மெர்வினோடு சேர்ந்து எத்தனையோ வருஷம் வேட்டைக்குப் போனவன் அவன்.

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா சொல்ல மாட்டேன்டா. இப்பவே எழுதிக்கோ. அவன் சாப்பிட வர்ற நேரந்தான். கொஞ்சம் வெளிய நில்லு, நான் பேசணும்."

கெல்சோ பின்பக்கமாகப் போய் நின்றான். மெர்வின் வழக்கம்போல முன்வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். "என்னக்கா, இன்னிக்கும் கோழிதானா?" என்று ஆரம்பித்தவன், மேசையில் கூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"மான்னு நெனச்சுச் சுட்டுட்டேங்க்கா. இருட்டிப்போச்சு. ஆளு மேல பட்டதே மறுநாள் ஊர்ல சொல்லித்தான் தெரியும்."

"பொய் சொல்லாத. ஒவ்வொரு கூடும் நானும் மாமாவும் கையால செஞ்சது. பனிக்குள்ள விழுந்தாலும் தோண்டி எடுத்துட்டுத்தான வருவ? இத விட்டுட்டு வந்திருக்கன்னா, போய்ப் பாத்திருக்க. மனுஷன்னு தெரிஞ்சுதான் ஓடியிருக்க."

மெர்வின் நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

"கூப்பிட்டான்க்கா. கையத் தூக்கிக் கூப்பிட்டான். பயந்துட்டேன்."

ஆர்டிஸ் எதிரே உட்கார்ந்தாள்.

"கெல்சோகிட்ட சொல்லிட்டேன்."

 மெர்வினுக்குக் கோபம்கூட வரவில்லை.

"கூடு அவங்க கையில கிடைச்சும் நான் நிம்மதியாத்தான் இருந்தேன். இதப் பாத்து அடையாளம் சொல்லக்கூடியவ உலகத்துலயே நீ ஒருத்திதான், அதனால எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேங்க்கா."

ஆர்டிஸ் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அழுதுகொண்டே எழுந்து போய், பின்கதவைத் திறந்து, கெல்சோவை உள்ளே கூப்பிட்டாள்.